வக்காலத்து ஓர் அமானிதம்

 

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போய் வந்தவர்கள் அந்த மலைப்பாதையை மறந்திருக்க மாட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் அதிகம் வேண்டும் என்பார்கள் அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்கள். வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு வளைவு ஒலி எழுப்பி, ஏறி வருகிறவருக்கு வழிவிட்டு இறங்க வேண்டும். அவசரப்பட்டவர் தாமும் விழுவார்; உடன் வந்தவரையும் தள்ளுவார்.

மணவிலக்கும் இத்தகைய ஓர் இறக்கம்தான். நம் மார்க்கம் அந்தப் பாதையை அடைத்துவிடவில்லை. அதே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓடவும் விடவில்லை. ஆகுமாக்கப்பட்டவற்றுள் அல்லாஹ்வின் வெறுப்புக்கு மிகவும் உரியது தலாக் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆகுமானது என்பதையும் மறக்கக்கூடாது. வெறுப்புக்குரியது என்பதையும் மறக்கக்கூடாது. இவ்விரண்டில் ஒன்றை மறந்தவர்களால்தான் நம் வீடுகளில் கண்ணீர் பெருகுகிறது.

ஒரு தாளின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தோம். பனிமூட்டம் இறங்கியிருந்தது. காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த ஒரு பெரியவர், தம் மகளுடன் படியோரம் நின்றிருந்தார். மகளைச் சமவெளி ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் இரண்டரை ஆண்டுகளாக எட்டிப் பார்க்கவில்லை; ஒரு காசும் அனுப்பவில்லை. யாரோ ஒரு நண்பர் மூலம் 'முடிந்துவிட்டது' என்று சொல்லி அனுப்பியதாகக் கேள்வி. அதை வைத்து அந்த ஊர்ப் பெரியவர்கள் சிலர், 'மணவிலக்கு ஆகிவிட்டது' என்று முத்திரை குத்தி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.

"அஜ்ரத், இது போதுமா?" என்று கேட்டார் பெரியவர். நாமும் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போதும் பாய், மகளைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டோம்.

ஓராண்டு கழிந்தது. அந்தப் பெண்ணுக்கு நல்லதோர் இடத்தில் பேச்சு வந்தது. மாப்பிள்ளை ஊர் ஜமாஅத்தார் முறைப்படி விசாரித்தார்கள். பழைய கணவரோ, "நான் தலாக் சொல்லவே இல்லையே!" என்று சாதித்துவிட்டார். பேச்சு முறிந்தது. வாழ்க்கைப்பட்டவளாகவும் இல்லாமல், விடுபட்டவளாகவும் இல்லாமல் அந்தப் பெண் நின்றாள்.

பல மனைவியருடையவர் ஒருத்தியின் பக்கமே முற்றிலும் சாய்ந்துவிட்டு, மற்றவளை அந்தரத்தில் தொங்குகிறவளைப் போல் விட்டுவிட வேண்டாம் என்று திருமறை (4:129) எச்சரிக்கிறது. ஒரே மனைவியையே அப்படித் தொங்கவிடும் கொடுமை நம்மிடையே நடக்கிறது. அந்தத் தாளைப் பார்த்து 'போதும்' என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர் என்பதை எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகிறது. அறியாததை அறிந்தது போல் சொன்ன குற்றம் எம்முடையது. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

தலாக்கின் படிகள்

கணவன் மனைவியிடையே பிளவு வருமென்று அஞ்சினால், அவன் குடும்பத்தில் ஒரு நடுவர், அவள் குடும்பத்தில் ஒரு நடுவர் என இருவரை ஏற்படுத்துமாறு அல்லாஹ் பணிக்கிறான் (4:35). அவ்விருவரும் சமாதானத்தையே நாடினால் இணக்கம் உண்டாக்குவது தன் பொறுப்பு என்றும் அறிவிக்கிறான். நம் நாட்களில் நடுவர் என்ற பெயரில் வருகிறவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்களாகவே வருகிறார்கள். மைத்துனர் முறுக்கிய மீசையோடு வந்தால் இணக்கம் எங்கிருந்து வரும்?

நடுவர்களாலும் இயலாதபோது, மனைவி தூய்மையாக இருக்கும் காலத்தில், உறவு கொள்ளாத நிலையில், ஒரே ஒரு தலாக். பிறகு இத்தா. மாதவிடாய் வரும் பெண்ணுக்கு மூன்று முறைக் கணக்கு. அதைக் கணக்கிடுவதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளுக்கிடையே சிறிது வேறுபாடு உண்டு. மாதவிடாய் நின்றவருக்கு மூன்று மாதம். கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. இத்தாவில் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்பது 65-ஆம் அத்தியாயத்தின் கட்டளை. அந்தக் காலத்துக்குள் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். சேர்ந்தாலும் பிரிந்தாலும் நீதியான இருவரைச் சாட்சியாக்கிக்கொள்ளுமாறும் அதே அத்தியாயம் கூறுகிறது. மாதவிடாய்க் காலத்தில் தலாக் சொன்ன இப்னு உமர் (ரலி) அவர்கள் மீது நபி (ஸல்) அவர்கள் சினம் கொண்டு, மனைவியை மீட்டுக்கொள்ளச் செய்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது.

ஒரே மூச்சில் மூன்று சொல்லி முடிப்பதை ஹனபி சட்ட நூல்களே 'பித்அத்தான தலாக்' என்று பெயரிட்டு ஒதுக்கின. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஷாயரா பானு வழக்கில் அதைச் செல்லாது என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை சிறை என்று விதித்தது. வாயால் சொன்னாலும், தாளில் எழுதினாலும், கைப்பேசியில் அனுப்பினாலும் சட்டம் ஒன்றே. அதற்கும் முன்பே, 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில், தக்க காரணம் வேண்டும், இரு தரப்பு நடுவர்களைக் கொண்டு சமாதான முயற்சி நடந்திருக்க வேண்டும், தலாக் சொன்னதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. சகோதரர்களே, சிந்தியுங்கள்! நடுவர்கள் வேண்டுமென்று திருமறை 1,400 ஆண்டுகளுக்கு முன் சொன்னதை, நாம் செய்யாமல் விட்டதனால் அல்லவா நீதிமன்றம் நமக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று!

பெண்ணுக்கும் வாசல் உண்டு

ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை சொல்லவில்லை. அவரோடு வாழ மனம் ஒப்பவில்லை, நன்றி கெட்டவளாகிவிடுவேனோ என அஞ்சுகிறேன் என்றார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருகிறாயா எனக் கேட்டார்கள் நபியவர்கள். அவர் சம்மதித்ததும், தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு தலாக் கொடுத்துவிடுமாறு கணவருக்குச் சொன்னார்கள். இதுவே குலா.

கணவன் கொடுமை செய்தாலோ, கைவிட்டாலோ, காணாமற்போனாலோ நீதிபதியிடம் சென்று திருமணத்தை முறிப்பது பஸ்கு. நம் நாட்டில் ஒரு காலத்தில் இந்த வாசல் அடைபட்டுக் கிடந்தது. ஹனபி சட்டத்தில் வழி கிடைக்காத சில பெண்கள், மணவாழ்விலிருந்து விடுபடுவதற்காக மார்க்கத்தையே துறக்கும் அவலம் நேர்ந்தது. இதைக் கண்டு துடித்த மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) அவர்கள் 1930-களில் மாலிகி மத்ஹபின் தீர்வுகளைத் தொகுத்து 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலை எழுதினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி ஒரு பெண் எந்தக் காரணங்களுக்காக நீதிமன்றத்தை நாடலாம்? கணவன் 4 ஆண்டுகளாக இருக்குமிடம் தெரியாமை, 2 ஆண்டுகளாகப் பராமரிக்காமை, 7 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை, தக்க காரணமின்றி 3 ஆண்டுகளாக இல்லறக் கடமையை நிறைவேற்றாமை, ஆண்மையின்மை, 2 ஆண்டு மனநோய், கொடுமை முதலியன. அடிப்பது மட்டும் கொடுமையன்று. அவள் சொத்தை விற்றுத் தின்பதும், தொழுகை போன்ற வணக்கங்களைத் தடுப்பதும், பல மனைவியரிடையே குர்ஆன் கட்டளைப்படி நீதமாக நடக்காததும் அந்தச் சட்டத்தில் கொடுமை என்றே எண்ணப்படும். இந்தச் சட்டப்படி விடுதலை பெறும் பெண்ணின் மஹர் உரிமை கெடுவதில்லை என்பதையும் நம் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும். மஹரை விட்டுக்கொடுத்தால்தான் விடுதலை என்று கொடுமைக்காரக் கணவன் மிரட்டினால் அதற்குப் பணிய வேண்டியதில்லை.

ஜமாஅத்துத் தாள் எதுவரை?

காஜிகளுக்கான 1880-ஆம் ஆண்டுச் சட்டமே, காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் அவர்களுடைய கருத்து மட்டுமே என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. குலா கோரும் பெண் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும், தனியார் அமைப்பு தரும் சான்றிதழ் செல்லாது என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர் தலாக் சொன்னதாகக் கூற, மனைவி அதை மறுத்தால், நீதிமன்றத்தின் மூலமே அதை உறுதி செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபரில் மதுரைக் கிளை கூறியது.

அப்படியானால் ஜமாஅத்தார் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லவே இல்லை. நடுவராக இருந்து இணக்கம் பேசலாம். பேசியவற்றை எழுதி வைக்கலாம். இருவரும் ஒப்பிய செய்தியைச் சாட்சிகளோடு பதியலாம். செய்யக்கூடாதது ஒன்றே: ஒரு தரப்பை மட்டும் கேட்டு, மறு தரப்புக்கு ஓர் அறிவிப்பும் இல்லாமல் முத்திரை குத்துவது. நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தபின் மார்க்க ரீதியில் ஐயம் இருந்தால், இத்தா முதலியவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். இரண்டு வாசலிலும் செல்லுபடியாகும் விடுதலையே முழு விடுதலை.

வக்கீல் என்றால் யார்?

'வக்கீல்' என்ற சொல் நமக்குப் புதிதன்று. நிக்காஹ் மஜ்லிஸில் வலியும் வக்கீலும் சாட்சிகளும் இல்லையா? அது அரபிச் சொல். ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் பிரதிநிதியே வக்கீல். நீதிமன்றத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் 'வக்காலத்து' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 'அல்வகீல்' என்பது அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தத் தாளில் கையெழுத்திடுகிறவரும், அதை வாங்குகிறவரும் எத்தகைய அமானிதத்தைச் சுமக்கிறார்கள் என்பது புரியும்.

குடும்ப நீதிமன்றங்களுக்கான 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வக்கீல் வைத்துக்கொள்வதை அங்கே உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நடைமுறையில் அனுமதி கிடைக்கிறது. ஆனால் சட்டத்தின் நோக்கத்தைக் கவனியுங்கள்: கணவன் மனைவி தம் வாயால் பேச வேண்டும், நீதிமன்றம் முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்பதே அது. தம் கணவரைப் பற்றி முறையிட்ட கவ்லா (ரலி) அவர்களின் பேச்சை அல்லாஹ்வே செவியேற்றதாக 58-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. முறையிடுவது பெண்ணுக்கு இழுக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஏற்காட்டுத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற குடும்பம், சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறினால் அன்றைய கூலி போயிற்று. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அது பெரிய இழப்பு. வக்கீல் கட்டணத்துக்கு எங்கே போவது? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். இது பிச்சையன்று; சட்டம் தந்த உரிமை.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

முதலாவதாக, அவர் பார் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, குடும்ப வழக்கும் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் பழகியவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

இரண்டாவதாக, கட்டணத்தை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மனுவுக்கு எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு தருவதாகப் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. கடனை எழுதிவைத்துக்கொள்ளுமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கற்பிக்கவில்லையா?

மூன்றாவதாக, நிக்காஹ் பதிவேட்டின் நகல், மஹர் விவரம், நகை, சீர் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றைத் திரட்டுங்கள். நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்க நேர்ந்தால் எழுதி வாங்குங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். மனுவைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள்.

நான்காவதாக, நம்பிக்கை குறைந்தால் வக்கீலை மாற்றலாம். கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்துள்ளது. அதற்காக நியாயமான கட்டணத்தை ஏமாற்றுவது நமக்கு ஹலாலாகிவிடாது.

ஐந்தாவதாக, ஜீவனாம்சத்தையும் பிள்ளைகளையும் பற்றி முதல் நாளே பேசுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்காலத்துக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் கணவர் செய்ய வேண்டும் என்று 2001-ல் தானியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலை 10 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலக்கப்பட்ட பெண்களுக்கு நல்ல முறையில் பொருள் கொடுப்பது பயபக்தியுடையோர் மீது கடமை என்று திருமறை (2:241) சொல்லியிருக்க, வழக்கு வந்த பின்னர்தானா நாம் கொடுக்க வேண்டும்?

பொய் கலவாத மனு

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிட்டான் (4:105). வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிடப் பேச்சு வன்மை மிக்கவராக இருக்கலாம். அதைக் கேட்டு, அவருக்கு உரிமையில்லாததை நான் தீர்ப்பாக அளித்துவிட்டால், அது நெருப்பின் ஒரு துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபியவர்களின் தீர்ப்பே பொய்யனுக்கு ஹலாலாக்காதபோது, மற்றத் தீர்ப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வருமானத்தை மறைத்துச் சம்பளச் சீட்டைத் திருத்தும் கணவரும், நடக்காத அடியை நடந்ததாக எழுதும் பெண் வீட்டாரும் இதில் சமமே.

அந்த மேஸ்திரிப் பெரியவரை நாம் மறுபடி தேடிச் சென்றோம். தவறான வார்த்தை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். வெளியே மனு எழுதிக்கொடுக்கும் ஒருவர், "தினமும் அடித்தார் என்று சேர்த்துக்கொள்ளலாம், வழக்கு பலமாக இருக்கும்" என்றார். பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். "அடிக்கலீங்க. சோறு போடல, அவ்வளவுதான். அதை மட்டும் எழுதுங்க" என்றார். மகளும், "ஆமாம் அத்தா, இல்லாததை எழுத வேண்டாம்" என்றாள்.

எழுத்தறிவு குறைந்த அந்தப் பெரியவர் அன்று எமக்கு ஆசிரியராக இருந்தார். சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட பெண் வக்கீலும், "இரண்டாண்டு பராமரிக்கவில்லை என்ற ஒரு காரணமே போதும்" என்று சொல்லி அதை மட்டுமே எழுதினார். நாளாயிற்று, வாய்தாக்கள் பல ஆயின, பல முறை அந்தப் பெண் மலையிறங்கி ஏறினாள். இறுதியில் விடுதலைத் தீர்ப்பு கிடைத்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதால், மறுமையில் அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. இத்தா முடிந்து அவளுக்கு மறுமணமும் ஆயிற்று, அல்ஹம்து லில்லாஹ்.

ஆகவே சகோதரர்களே! தலாக் சொல்லும் நாவு கணவனிடம் ஓர் அமானிதம். முத்திரை ஜமாஅத்தாரிடம் ஓர் அமானிதம். வக்காலத்து வக்கீலிடம் ஓர் அமானிதம். நம்மை நம்பி வந்து நின்ற பெண்மக்களோ நம் அனைவரிடமும் அமானிதம். சேர்ந்து வாழ்ந்தால் நன்முறையில் வாழவும், பிரிய நேர்ந்தால் அழகிய முறையில் பிரியவும் திருமறை கற்பித்த வழியில் நடப்போமாக! நம் இல்லங்களைப் பிளவிலிருந்து காத்து, வழக்காட நேர்ந்தவர்களுக்கு உண்மையே துணையாக வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! அவனே நம் அனைவருக்கும் சிறந்த வகீல். ஆமீன்.